கடன்கொடுத்தோர் இலக்கம் 217

கம்பனி வங்குரோத்து என்று
முதலில் சொன்னவன் பஸ் ட்ரைவர்.
ஒலுமடுச் சந்தியில் விடிய ஐந்தரைக்கு
சாப்பாட்டுப் பெட்டியோடு பதினொரு பேர் நிற்க
பஸ் வரவில்லை, அவனுடைய போன் வந்தது.
"டீசலுக்குக் காசு தரேல்லை அக்கா.
கேற்றிலை கடதாசி ஒட்டியிருக்கினமாம்."

கடதாசி இரண்டு மொழியில் இருந்தது,
எங்களுடையது அவற்றில் இல்லை.
காவலாளி குலரத்தினத்தார் தமிழில் சொன்னார்:
"பூட்டு."

நான்கு மாதச் சம்பளம். ஓவர்டைம் தனி.
சேமலாப நிதி, சீட்டில் கழித்திருக்கிறார்கள்,
கொழும்பில் கட்டவில்லை.
யன்னல் இடுக்கால் பார்த்தோம்.
என் மெஷினில் சிவப்பு ஸ்டிக்கர், வங்கியின் பெயர்.
ஊசியில் நான் கோத்த காக்கி நூல் அப்படியே.
"அதுவும் வங்கிக்கோ?" என்றாள் கேமலதா.
சிரித்தோம்.
திரும்பி நடக்கும்போது ஒருவரும் கதைக்கவில்லை.

வவுனியாத் தொழில் கந்தோருக்கு
மூன்று செவ்வாய் போனோம்.
பஸ் காசையும் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டோம்,
ஏலாதாம்.
உத்தியோகத்தர் நல்ல பெடியன்.
அடைமானம் வைத்தது வங்கிக்கு,
மிச்சம் இருந்தால் அதில்
உங்களுக்கு முன்னுரிமை என்றான்.
"மிச்சம் இருக்குமோ தம்பி?"
அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

பிறகு படிவம் வந்தது.
படிவம் எங்களுக்குப் புதிதில்லை.
உடைந்த வீட்டுக்கு, தூர்ந்த கிணற்றுக்கு,
காணாமல் போன மாட்டுக்கு,
மாட்டுக்கு மட்டுமா.
ஆனால் இப்படியொரு தலைப்பை நான் கண்டதில்லை:
கடன்கொடுத்தோர் பட்டியல்.
இலக்கம் 217. யோகராசா துஷ்யந்தி.

நானா?
தாலிக்கொடி அடகில். நுண்கடன் இரண்டு இடத்தில்.
புதன்கிழமை மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால்
கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்துகிறவள்.
நான் கடன் கொடுத்திருக்கிறேன்,
ஒரு கம்பனிக்கு!
வட்டியில்லாமல், பிணை கேளாமல்,
குழுவில் நாலு பேர் கையெழுத்து வைக்காமல்.
வயிற்று நோவோடும் இருந்து கொடுத்திருக்கிறேன்.
வெள்ளைக்காரர் காற்சட்டைக்குப் பின் பொக்கெட்
நாளொன்றுக்கு எழுநூற்றிருபது.
எத்தனை பணப்பைக்கு இடம் தைத்தேன்.

படிவத்தில் ஒரு கட்டம்: கடனின் தன்மை.
பின் பொக்கெட் என்று எழுதினேன்.
பெடியன் அதை வெட்டி வேதனம் என்று எழுதினான்.
ஓவர்டைமுக்குச் சீட்டில்லை.
நகைக்கடைக் கலண்டரில் பென்சிற் கோடுகள்தான்,
தையிலிருந்து சித்திரை வரை,
ஆணியோடு கழற்றிக் கொண்டுபோயிருந்தேன்.
"இது செல்லாதக்கா" என்றான்,
என்றாலும் கோவையில் குத்தினான்.

அடுத்த புதன் நான் குந்தவில்லை.
படலையில் நின்றேன்.
அறவிட வந்தவன் ஹெல்மெட் கழற்ற முதல்
கடதாசியை நீட்டினேன்.
"நானும் உங்கட பக்கம்தான் தம்பி.
எனக்கும் வரவேண்டியிருக்கு."
இரண்டு தரம் வாசித்தான்.
"இருநூற்றுப் பதினேழு பேரோ?"
"எனக்குப் பிறகும் இருக்கு."
பெற்றோல் டாங்கியின் மேல் புத்தகத்தை விரித்து
எனக்கு முன்னாலேயே எழுதினான்:
வாடிக்கையாளர் வீட்டில் இல்லை.

மெஷின்கள் ஒரு ராத்திரி லொறியில் போயின.
குலரத்தினத்தார் டோர்ச் பிடித்து எண்ணினாராம்,
நூற்றுநாற்பது.
அவருக்கும் சம்பளமில்லை,
பட்டியலில் எனக்கு ஆறு பேர் தள்ளி இருக்கிறார்.
ஏன் எண்ணினீங்கள் என்று கேட்டேன்.
"ஆரும் கேட்டால் சொல்ல."

இதுவரை
நான்தான் கேட்டிருக்கிறேன்.